பிரிக்காத பிளேடு

“எலே ஜெயதாஸ், அவனத் தொட்ட கையால என்னத் தொடப்பிடாது, கேட்டியா?”

பனச்சமூடு ஜங்ஷன் சலூனில், பெஞ்சில் இருந்தபடியே சதாசிவன் சத்தம் போட்டார். ஆரியங்கோட்டில் ரப்பர்த் தோட்டம் உள்ளவர். சத்தத்துக்குக் கேட்கவா வேண்டும்?

ஜெயதாஸ் சவரம் செய்துகொண்டிருந்த நாற்காலியில் வேதமணி. சாராயக் கேசில் உள்ளே போய், முந்தாநாள்தான் ஜாமீனில் வந்தவன். கடைக்குள் வந்ததும் வராததுமாக இரண்டு புது பிளேடை எடுத்து மேசையில் வைத்தான். சந்தேகத்துக்கு அது போதாதா?

“ஜெயில்ல எல்லாவனுக்கும் எய்ட்ஸுக்கு ரத்தம் எடுத்தாச்சாமே. உனக்கு டாக்டர் என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் இல்லேண்ணு சொல்லியாச்சு முதலாளி. ரெண்டாமதும் பாத்தாச்சு.”

“இல்லேண்ணா தனி பிளேடு என்னத்துக்குலே?”

“உள்ள ஒரே பிளேடு வச்சாக்கும் எல்லாருக்கும் வழிச்சது. ரத்தம் பட்ட பிளேடு வழியும் வரும்ணு டாக்டர் சொன்னாரு. தனி பிளேடு கேட்டு நாங்க சோறு தொடாம இருந்தோம். பெறவுதான் ஆளுக்கொண்ணு கிடைச்சு.”

“நல்ல கத!” சதாசிவன் ஜெயதாஸைப் பார்த்துக் கண்ணடித்தார்.

சவரம் முடிந்தது. வேதமணி தன் பிளேடை ஒடித்து, காகிதத்தில் பொதிந்து எடுத்துக்கொண்டான்.

“பாத்தியா, தடயத்த அழிக்கான்!”

வேதமணி அதைக் காதில் வாங்கவில்லை. “முதலாளி, நாளைக்கு ரப்பர் பால்வெட்டுக்கு வரட்டா? வீட்டுல அடுப்பு எரியல்ல.”

“எனக்க தோட்டத்துல பொம்பளையளும் பிள்ளையளும் உண்டுலே. அவங்களுக்கு ஒட்டிச்சுண்ணா நீயா பதில் சொல்லுவ? போலே!”

வாசல்வரை போனவன், சட்டென்று திரும்பி வந்தான். மேசையில் மிச்சமிருந்த உறை பிரிக்காத பிளேடை ஜெயதாஸ் பக்கம் நகர்த்தினான்.

“அண்ணே, முதலாளிக்கு இதப் போடும்.”

போய்விட்டான்.

சதாசிவன் துண்டால் நாற்காலியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

“ஜெயில்காரன் தந்த பிளேடா? தூர எறிலே!”

“பின்ன எதப் போட?”

“இண்ணைக்கு காலத்த இருந்து போட்டுட்டிருந்தியே, அதப் போடு.”

“அது ஊருல பாதிப்பேருக்க மூஞ்சியில ஓடினதாக்கும் முதலாளி.”

“அதுக்கென்னலே? எல்லாம் நம்ம ஆளுவதானே!”

சதாசிவன் கழுத்தை நிமிர்த்திக் கொடுத்தார்.