இன்னொரு கீபோர்டு

லினக்ஸ் புராணம் பாடிப் பாடியே அலுவலகத்தில் அதன் சின்னமான ‘பெங்குவின்’ என்றே பெயர் வாங்கியவன், ஒருவழியாக அக்காவையும் வழிக்குக் கொண்டுவந்துவிட்டான். தனியாக வசிக்கும் அவளுடைய கம்ப்யூட்டரில் இருந்த பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தை அடியோடு அழித்துவிட்டு லினக்ஸைப் போட்டான்.

“பழசு எல்லாத்தையும் மூடி மறைக்கும்க்கா. இது உள்ளதை உள்ளபடி காட்டும், பாரு” என்று கறுப்புத் திரையைத் திறந்தான். கம்ப்யூட்டரில் மாட்டியிருப்பவை எல்லாம் நொடிக்கு நொடி அதில் தெரிந்தன. மவுஸ் ஒன்று. கீபோர்டு இரண்டு.

மேசையில் ஒரு கீபோர்டுதான் இருந்தது.

“சில மவுஸ் தன்னையும் கீபோர்டுனு சொல்லிக்கும்” என்று சிரித்தபடி மவுஸைப் பிடுங்கினான். மவுஸ் மறைந்தது. கீபோர்டு இரண்டாகவே இருந்தது. கீபோர்டையும் பிடுங்கினான். ஒன்று மிஞ்சியது. கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தான். உள்ளே தூசியைத் தவிர வேறெதுவும் இல்லை.

“உன்னைத் தவிர வேற யாராவது இதைத் தொடுவாங்களாக்கா?”

“இந்த வீட்டுல நான் ஒருத்திதானேடா இருக்கேன்.” அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “பழசையே போட்டுக் குடுத்துடு. அதுல இதெல்லாம் தெரியாம நிம்மதியா இருந்தேன்.”

பெங்குவின் பழைய சிஸ்டத்தைத் திரும்பப் போட, பையில் பென்டிரைவைத் தேடினான்.

அப்போது திரையின் அடியில், தட்டச்சுக்குப் புதிதான யாரோ தேடித் தேடித் தட்டுவதுபோல, எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

‘பழசு வேண்டாம்.’

கர்சர் சற்று நேரம் துடித்துக்கொண்டிருந்தது. பிறகு மறுபடியும் நகர்ந்தது.

‘அங்க இருட்டு.’