ஆறு மணிக்கு முன்னால்

"அப்போ மத்தியானம் நான் போன் பண்ணப்பவே உனக்குத் தெரியும். அப்படித்தானே?"

செருப்பைக் கழற்றக்கூட விடாமல் வாசலிலேயே கேட்டான் கணவன்.

"தெரியும்" என்றாள் மனைவி.

அவள் ஒரு சேனலில் செய்தி ஆசிரியர். அவன் குழந்தைகளுக்கான ஷூ தைத்து ஏற்றுமதி செய்கிறவன். அதை வாங்குகிற பெரிய நாடு, இன்னொரு பெரிய நாட்டோடு மாறி மாறி வரி போட்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. இன்று சாயங்காலம், சிவனேன்னு ஓரமாக நின்ற மற்ற நாடுகளுக்கும் சேர்த்து ஒரே போடு. பட்டியலில் ஷூவும் இருந்தது.

அவன் சரக்கு மத்தியானம்தான் கப்பல் ஏறியிருந்தது. வரி கூடினால் அது அனுப்பியவன் தலையில் என்று ஒப்பந்தம்.

ஹாலில் டிவி "வரி யுத்தம்!" என்று அலறியது. இரண்டு கொடிகளுக்கு நடுவே ஏவுகணை பாய்ந்து, திரை முழுக்கத் தீப்பிடித்தது.

"வரி போட்டதுக்கு எதுக்குடா ராக்கெட்டு?" என்றார் மாமனார், ரிமோட்டும் கையுமாக. "ஆறு மணி அடிச்சதும் எல்லா சேனல்லயும் வந்துடுச்சு. பட்டியல், படம், மியூசிக், கத்தறதுக்குக் கோட்டு போட்ட நாலு பேரு, எல்லாம் ரெடி! இந்த ராக்கெட்டைச் செய்யவே அரை நாள் ஆகியிருக்குமே!"

இதைச் சொல்லித்தான் மகனுக்குத் திரி கொளுத்தியிருந்தார் மனுஷர்.

"காலையிலயே வந்துடுச்சு மாமா" என்றாள் அவள். "ஆறு மணிக்கு முன்னாடி வெளியில போகக் கூடாதுங்கற கண்டிஷனோட. பெரிய அறிவிப்பெல்லாம் அப்படித்தான் வரும். எல்லாம் தயார் பண்ணி வெச்சுக்கலாம், வாயை மட்டும் திறக்கக் கூடாது."

"வெளியில போகக் கூடாதா? நான் வெளி ஆளா?" கணவன் எகிறினான். "கன்டெய்னரை அனுப்பட்டுமா, ஏதாவது நியூஸ் உண்டான்னு வாய் விட்டுக் கேட்டேனே!"

"ஆபீஸ் விஷயம் கேக்காதீங்கன்னு சொன்னேனே."

"அது நீ தினமும் சொல்றது! இன்னிக்கு மட்டும் குரலைக் கொஞ்சம் மாத்திச் சொல்லியிருக்கக் கூடாதா? சும்மா ஒரு இருமல் இருமியிருந்தாக்கூட நான் புரிஞ்சுக்கிட்டிருப்பேனே!"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"போனை வெச்சுட்டு பாத்ரூம்ல போய் அழுதேங்க. உங்ககிட்ட சொல்லியிருந்தா உங்க சரக்கு தப்பிச்சிருக்கும். அதே கப்பல்ல ஏத்தின மத்தவங்க? அவங்க வீட்டுல யாரும் டிவில வேலை பாக்கலையே."

"ஊருக்கெல்லாம் நல்லவ. கட்டினவன் மட்டும் நடுத்தெருவுல நிக்கணும். ஷெட்டுல நாப்பது பேரு தைக்கிறாங்க. அடுத்த மாசம் அவங்களுக்கு வேலை இருக்குமான்னே தெரியல. நாளைக்கு அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்?"

மாமனார் டிவி சத்தத்தைக் குறைத்தார். அந்த வீட்டில் அது லேசில் நடக்கிற காரியமில்லை.

காலிங் பெல் அடித்தது. ஷூ ஏற்றுமதியாளர் சங்கத் தலைவர். பின்னால் இன்னும் மூன்று முதலாளிகள். தலைவர் போன சங்கத் தேர்தலில் இவனைத் தோற்கடித்தவர். எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர், வீடு தேடி வந்து நிற்கிறார்.

"உட்காருங்க" என்றான் வேண்டா வெறுப்பாக.

"இருக்கட்டும் தம்பி. உங்க கன்டெய்னர் எங்க?"

"எங்க இருக்கும்? உங்களோடதோட சேர்ந்து கடல்லதான்."

"தெரியும். துறைமுகத்துல விசாரிச்சுட்டுத்தான் வர்றோம்." தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒளிக்காமச் சொல்றேன். டிவியைப் பாத்ததும் எங்க வாயில எல்லாம் உங்க பேருதான். வீட்டுக்காரம்மா நியூஸ் சேனல்ல இருக்காங்க, இவரு சரக்கை நிறுத்தியிருப்பாரு, நாமதான் மாட்டிக்கிட்டோம்னு. கண்டபடி பேசினோம். அதுல நான்தான் முதல் ஆளு."

மனைவி தலை நிமிர்ந்தாள்.

"வாங்கற கம்பெனி நம்ம எல்லாருக்கும் ஒண்ணுதான். வரியில பாதியை அவங்க ஏத்துக்கறதைப் பத்திப் பேசலாம்னு சொல்லியிருக்காங்க. ஆனா நம்ம பக்கம் ஒரே ஆளு பேசணுமாம். யாரை அனுப்பறது? என்னை அனுப்ப இவங்களுக்கு பயம். இவங்களை அனுப்ப எனக்கு பயம். போறவன் தன் சரக்குக்கு மட்டும் கமுக்கமா முடிச்சுட்டு வந்துட்டான்னா?"

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"நீங்க போகணும் தம்பி. முன்னாடியே தெரிஞ்சும் சொந்தச் சரக்கைக் காப்பாத்திக்காத வீடு இது. இந்த வீட்டு ஆளு எங்களை விட்டுட்டுத் தனியா தப்பிக்க மாட்டாரு."

மாமனார் மருமகளைப் பார்த்தார். அவருக்கே பெருமை தாங்கவில்லை.

கணவன் சரியென்று தலையாட்டியிருக்கலாம். அவன் வேண்டிக்கொண்டிருந்த வழி தானாக வாசலுக்கு வந்திருந்தது. ஆனாலும் அவனுக்குத் தலை ஆடவில்லை.

"ஒரு நிமிஷம் சார்" என்றான். "எனக்குத் தெரியாது. மத்தியானம் இவகிட்ட கேட்டேன், இவ வாயைத் திறக்கலை. சொல்லியிருந்தா என் சரக்கை நிறுத்தியிருப்பேன். உங்க யாருக்கும் மூச்சு விட்டிருக்க மாட்டேன். நீங்க வரதுக்கு முன்னாடி வரைக்கும் இவளோட சண்டைதான் போட்டுக்கிட்டிருந்தேன்."

முதலாளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான், கிளம்பப் போகிறார்கள் என்று நினைத்தான்.

தலைவர் அவன் தோளில் கை வைத்தார்.

"உங்க வீட்டம்மாவை நம்பித்தான் தம்பி வந்தோம். இப்போ உங்களை நம்பிப் போறோம்."