குறைத்துச் சொன்னவன்

“இந்த மேசையில உட்கார்ந்து சாப்பிட்டு, சிரிச்சுப் பேசிக்கிட்டே ஒருத்தர் எல்லாரையும் ஏமாத்திட்டு இருக்காரு. பேரைச் சொல்லமாட்டேன். மானம் இருந்தா அவரே சொல்லட்டும்.”

தனசேகரன் முறுக்குத் தட்டைத் தள்ளி வைத்தார்.

சிங்கப்பூர், ஜூரோங்கில் ஜரீனா வீட்டு ஹால். ஞாயிறு மாலைக் கதை விளையாட்டு. கதையை ஜரீனா சொல்வாள். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம். கதையில் பூதமோ கொள்ளைக்காரனோ எதிரே வந்தால், இருபது முகம் கொண்ட பகடையை அவரவர் உருட்டி, விழுந்ததை அவரவரே சொல்ல வேண்டும். பெரிய எண் என்றால் ஜெயித்தாய். சின்ன எண் என்றால் அடி வாங்கினாய். அடுத்தவர் பகடையை எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை.

ரஞ்சன் வாள் வீரன். வர்ஷா வில்லாளி. தனசேகரன் வேறென்ன, வியாபாரி. அவர் மனைவி சிவகாமசுந்தரி வைத்தியர்.

சிராங்கூன் ரோட்டில் துணிக்கடை வைத்திருப்பவர், ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டு ஜூரோங் வரை வருகிறார் என்றால் அது பூதத்தை அடிக்க அல்ல.

தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து சிவகாமிக்குக் குரல் கரகரத்துப் போய்விட்டது. வெட்கம். வெளியாள் முன்னால் வாயே திறப்பதில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. தேக்கா மார்க்கெட்டில் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்தாள். அவள் கழுத்துத் தழும்பைப் பார்ப்பதைவிட தனசேகரனுக்கு அதுதான் அதிகம் வலித்தது.

“வெளிய கூட்டிட்டுப் போங்க. பேச வைங்க,” என்றார் டாக்டர். பாலர் பள்ளியில் சிவகாமியோடு வேலை பார்த்த ஜரீனா கூப்பிட்டாள். சிவகாமி தனியாக வரமாட்டேன் என்றதால் இவரும் வந்தார்.

“யாரைச் சொல்றீங்க அங்கிள்?” என்றாள் வர்ஷா. “பதினொண்ணு விழுந்தா பன்னண்டு போட்டுக் குடுன்னு நச்சரிக்கிறது நீங்கதான்.”

“நான் கேட்டு வாங்குறேன். அது பேரம். இது திருட்டு.”

“விடுங்களேன், விளையாட்டுத்தானே,” என்றாள் சிவகாமி, கரகரவென்று.

ரஞ்சன் தன் பகடையை உள்ளங்கையில் மூடிக்கொண்டான். ஜரீனா அதைப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

“முதல்ல டீ. அக்கா, வர்ஷா, ரெண்டு பேரும் வாங்க.”

பெண்கள் சமையலறைக்குப் போனதும் தனசேகரன் நாற்காலியை ரஞ்சன் பக்கம் இழுத்துப் போட்டார்.

“உன்னைத்தான் தம்பி சொன்னேன்.”

“எட்டிப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன். கண்ணை வச்சுக்கிட்டு வேற என்ன செய்ய? நான் தெருவுல துணி கூவி வித்து மேல வந்தவன். கூட்டிச் சொல்றவனை ஆயிரம் பேர் பார்த்திருக்கேன். அது தொழில். குறைச்சுச் சொல்றவன்தான் ஆபத்து. சரக்குல என்னமோ கோளாறு இருக்கும். இப்ப உனக்குப் பதினாறு விழுந்துச்சு, நாலுன்னு சொன்னே. போன வாரம் பத்தொன்பது, ரெண்டுன்னு சொன்னே. எதுக்குடா?”

“மெல்ல அங்கிள். ஆன்ட்டி காதுல விழும் லா.”

“விழட்டுமே.”

ரஞ்சன் சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தணித்தான்.

“வைத்தியர் மந்திரத்தை எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னாத்தான் காயம் ஆறும். விதி ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. அதுக்கென்ன?”

“ஆரம்பத்துல நம்ம யாருக்கும் அடியே படலை. ஆன்ட்டி சாயங்காலம் முழுக்க சும்மா உட்கார்ந்திருந்துட்டுப் போனாங்க. எனக்கு அடி படலேன்னா அவங்க எதுக்கு அங்கிள் வாயைத் திறக்கணும்? விதி வச்சது ஜரீனா அக்கா. அடி வாங்குறது நான்.”

தனசேகரன் வாராவாரம் நடந்ததைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

முதல் தடவை சிவகாமியின் மந்திரம் வெறும் காற்றாகத்தான் வந்தது. “கேக்கலையே அக்கா,” என்று ஜரீனா மறுபடியும் சொல்ல வைத்தாள். இன்றைக்கு ரஞ்சனுக்காக “புண்ணே ஆறு, வலியே ஓடு” என்று அவள் சொன்னது மேசைக்கு அந்தப் பக்கம்வரை கேட்டது. இந்த வாரம் தேக்காவில் மீன்காரரோடு வாய்விட்டுப் பேரம் பேசி, விலை குறைத்து வாங்கி வந்தாள். மாத்திரை வேலை செய்கிறது என்றல்லவா இவர் நினைத்திருந்தார்.

எத்தனையோ மாதமாக நெஞ்சின் மேல் கிடந்த மூட்டையை யாரோ தூக்கி இறக்கி வைத்தது போலிருந்தது.

டீ வந்தது.

“திருடன் கிடைச்சானா அங்கிள்?” என்றாள் வர்ஷா.

“இல்லம்மா. என் கண்ணாடியைத்தான் மாத்தணும்.”

ரஞ்சன் டீயை ஊதி ஊதிக் குடித்தான்.

ஜரீனா கதையைத் தொடர்ந்தாள். குகைக்குள்ளிருந்து பூதம் வந்தது. நேராக வியாபாரி மேல் பாய்ந்தது.

“உருட்டுங்க அண்ணே.”

உருட்டினார். பகடை முறுக்குத் தட்டில் இடித்து நின்றது.

இருபது.

ஒரு தடவையாவது விழாதா என்று வந்த நாளிலிருந்து அவர் ஏங்கிய இருபது. அதற்கு மேல் எண்ணே கிடையாது. ஒரே அடியில் பூதம் காலி.

தனசேகரன் படக்கென்று கையால் மூடினார்.

“ஒண்ணு.”

“போச்சு. உயிர் போற அடி,” என்றாள் வர்ஷா.

அவர் நாற்காலியில் சரிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தெருவில் துணி கூவிய அதே குரலில் ஆரம்பித்தார்.

“இந்த ஊர்ல வைத்தியர்னு ஒருத்தங்க இருக்காங்களா இல்லையா? கட்டின புருஷன் சாகக் கிடக்குறேன், பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா என்ன அர்த்தம்? வந்து சரி பண்ணச் சொல்லுங்கப்பா. முணுமுணுத்தா ஆறாது. என் காதுல நல்லா விழுற மாதிரி, சத்தமா.”