வாய் திறக்கக் கூடாத ஷாட்

'ஆகஸ்ட் 19, செவ்வாய். ஜூலை 24 அன்று எழுதியதில் ஒரு பிழை. அம்மா என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தேன். சொல்லியிருக்கிறாள்.'

இவ்வளவு எழுதிவிட்டு துர்கா பேனாவை மூடினாள். என்ன சொன்னாள் என்பதுதான் தெரியவில்லை. தெரியாத ஒன்றைத் திருத்தம் என்று எழுதலாமா?

எதிரே செல்போனில் ஒரு சினிமாப் பாட்டு நின்றிருந்தது. அதில் அம்மா இடுப்பில் பித்தளைக் குடத்தோடு, பாதி திறந்த வாயோடு நின்றிருந்தாள்.

அந்தப் பாட்டை ஓரிக்கைப் பாலாற்றில் எடுத்தார்கள். வறண்ட மணலில் லாரி லாரியாகத் தண்ணீர் கொட்டி, ஆற்றுக்குள்ளேயே ஓர் ஆறு செட் போட்டார்கள். ஐந்து நிமிடப் பாட்டுக்கு ஒன்றரைக் கோடி என்றார்கள் டீக்கடையில். மூன்று கோடி என்றார்கள் பஸ்ஸில். துர்கா இரண்டையும் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைத்திருந்தாள்.

மாலை நேர வீடியோ எடிட்டிங் வகுப்பில் படிக்கிறவர்கள் என்று சொன்னதால், அவளையும் கூடப் படிக்கும் நாலு பேரையும் கேமராவுக்குப் பக்கத்திலேயே நிற்க விட்டார்கள். ஜெனரேட்டர் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று மற்றவர்களிடம் சொல்லி, அவள் ஓர் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டு நின்றாள்.

குடம் சுமந்து வர ஐயம்பேட்டையிலிருந்து நாற்பது பெண்களை ஷேர் ஆட்டோக்களில் கூட்டி வந்திருந்தார்கள். ஆளுக்கு ஐநூறு ரூபாய், ஒரு பிரியாணிப் பொட்டலம்.

வரிசையில் மூன்றாவதாக நின்றவள் பெரியநாயகி. துர்காவின் அம்மா.

துர்கா அந்தோணியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஒன்றரை வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அம்மா அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கடைத்தெருவில் எதிர்ப்பட்டால், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போய்விடுவாள்.

இங்கே எதிர்ச்சாரி இல்லை. கேமராவை நோக்கித்தான் நடந்தாக வேண்டும்.

உதவி இயக்குநர் மைக்கைப் பிடித்தார். “ஒரு டேக் போச்சுன்னா நாலு லட்சம். யாரும் கேமராவப் பாக்கக் கூடாது. வாயத் தெறக்கவே கூடாதுமா.”

பிறகு மெதுவாக்கிக் காட்டுவதற்காக, பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் போட்டார்கள். அணில் பாடுவதுபோல் இருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு நாற்பது பேரும் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். அம்மா வந்தாள். பார்த்தாள். கதாநாயகியின் சிவப்புக் குடை குறுக்கே வந்தது. குடை விலகியபோது அம்மா தாண்டிப் போயிருந்தாள்.

அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதானை' நம்பித்தான் துர்கா அன்றைக்கு எழுதினாள்: 'இனி நானாக அந்த வாசலுக்குப் போவதில்லை.' கீழே கோடும் போட்டாள்.

நேற்று பாட்டு வெளியானது. இன்று வகுப்பில் பெரிய திரையில் ஓட்டினார்கள். அணில் குரல் காணாமல் போய், ஆளை உருக்கும் மெதுவான பாட்டாக ஆகியிருந்தது. ஓடி வந்த பெண்கள் மிதந்து வந்தார்கள். அரை நொடி ஒரு நொடியாக நீண்டிருந்தது.

பக்கத்து நாற்காலி கமல் திரையைக் காட்டினான். “யாருபா அந்த மூணாவது அம்மா? பாம்பப் பாத்தாப்புல என்னமோ சொல்லிக்கினு வராங்க.”

வகுப்பே சிரித்தது. துர்காவும் சிரித்து வைத்தாள்.

வீட்டுக்கு வந்து அந்த இடத்தை இன்னும் மெதுவாக்கினாள். அம்மாவின் உதடுகள் ஒட்டின, பிரிந்தன. 'பா.' அதற்குப் பிறகு குடை.

'பாவி.' அதுதான் இருக்கும்.

'பாவம்' என்றும் இருக்கலாம். அடிபட்ட தெருநாயைக்கூட அம்மா பாவம் என்பாள். பாவி என்றால் கதவு சாத்தியே இருக்கிறது. பாவம் என்றால் கொஞ்சம் ஒருக்களித்திருக்கிறது. நாலு லட்ச ரூபாய் டேக்கில், வாயைத் திறக்காதே என்று சொன்ன பிறகும், அம்மா ஏன் திறந்தாள்?

கண்ணாடி முன் போய் நின்று சொல்லிப் பார்த்தாள். பாவி. பாவம். இரண்டிலும் 'வ' வரும்போது மேல்பல் கீழுதட்டைத் தொட்டது.

திரும்பி வந்து பாட்டை ஓட்டினாள். அம்மாவின் பல் தெரியவேயில்லை. குடையின் விளிம்பு மறைக்கும் முன் உதடுகள் இன்னொரு முறை ஒட்டியிருந்தன. அழுத்தமாக.

தான் தவறாகப் பார்க்கிறோமோ என்று மறுபடியும் பார்த்தாள். ஒட்டித்தான் இருந்தன. கமலின் 'பாம்பை'யும் ஒரு மரியாதைக்கு எழுதி, அடித்தாள்.

பிறகு, மிச்சமிருந்த ஒரு சொல்லைக் கண்ணாடியிடம் சொன்னாள். உதடுகள் இரண்டு முறை ஒட்டின.

பாப்பா.

இருபத்துமூன்று வயதுவரை வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். துர்கா என்பது பள்ளிக்கூடத்துக்கும் ரேஷன் கார்டுக்கும்.

அழுகை வந்திருக்கும். அதற்குள் இன்னொரு சந்தேகம் முந்திக்கொண்டது.

உதட்டையே பார்த்தவள் இப்போதுதான் அம்மாவின் கண்ணைப் பார்த்தாள். அது கேமராவுக்குப் பக்கத்தில் துர்கா நின்ற இடத்துக்குத் திரும்பி, ஒரு கணம் நின்று, கீழே இறங்கியது. மேலே, துர்காவின் எலுமிச்சம்பழம் பிடித்த கை. கீழே, வயிற்றின்மேல் வைத்திருந்த இன்னொரு கை.

அன்றைக்கு அவளுக்கு இரண்டு மாதம். அந்தோணியைத் தவிர யாருக்கும் தெரியாது. புகை என்று சொன்னதை மற்ற எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

துர்கா பேனாவைத் திறந்தாள். கோடு போட்ட அந்தப் பழைய வரியை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டு, இன்றைய பக்கத்தின் அடியில் எழுதினாள்.

'நாளை: ஐயம்பேட்டைக்குப் போக வேண்டும். எந்தப் பாப்பா என்று அம்மாவிடம் கேட்க வேண்டும்.'