பலகையில் மூன்று கட்டங்கள்

“மைக்கை உடைச்சதைக்கூட விட்டுடலாம். உடைச்சுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி பெட்டிக்குள்ள வச்சு மூடினானே ஒருத்தன், அவனை விடமாட்டேன். உடைச்சவன் எல்லார் முன்னாடியும் ஒத்துக்கணும்.”

ஸ்டுடியோக்காரர் வெள்ளைப் பலகையில் மூன்று கட்டங்கள் போட்டார். வயலின், டிரம்ஸ், புல்லாங்குழல். மைக் உடைந்த அன்றைக்கு ரெக்கார்டிங்குக்கு வந்திருந்தது இந்த மூன்று பேர்தான்.

“வயலின் சார் கண்ணாடி ரூமுக்குள்ள, காதுல ஹெட்போனோட இருந்தார்.” ஒரு கட்டத்தை அடித்தார். “டிரம்ஸ், குச்சி உடைஞ்சுபோச்சுன்னு கடைக்குப் போயிருந்தான். பில் இருக்கு.” அடுத்ததையும் அடித்தார். “மிச்சம் யாரு?”

புல்லாங்குழல்காரன் எழுந்தான். “அண்ணே, அன்னைக்கு நீங்க...”

“வாயை மூடு. நான் படிக்காதவன்தான். ஆனா ஆளை எடைபோடத் தெரியும்.”

அவன் மற்ற இருவரையும் ஒரு தடவை பார்த்தான். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அதோடு விட்டாரா? தெரிந்த நாலு ஸ்டுடியோவுக்கும் போன் போட்டுச் சொன்னார். எட்டு வருஷம் வாசித்தவனை அதற்குப் பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை.

இரண்டு மாதம் கழித்து, மிக்ஸிங் வேலையில் இருந்த மகள் கூப்பிட்டாள்.

“அப்பா, இதைக் கேளுங்க. மைக் உடைஞ்ச அன்னைக்கு புல்லாங்குழல் முன்னாடி இருந்த வேற மைக்கை யாரும் நிறுத்தலை. எல்லாம் பதிவாகியிருக்கு.”

“வசமா மாட்டினானா?” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஸ்பீக்கரில் அவர் குரலே வந்தது. போனில் பேரம். “அந்த ரேட்டுக்கு வேற ஆளைப் பாருங்க...” குறுக்கும் நெடுக்கும் நடக்கிற சத்தம். ஒயர் ஒன்று இழுபட்டது. தொப்பென்று ஏதோ விழுந்தது. பேரம் நிற்கவில்லை. பெட்டி ஒன்று ‘டக்’கென்று மூடும் சத்தம்.

“அண்ணே, மைக் உள்ளே உடைஞ்சிருக்கும் போல...” புல்லாங்குழல்காரனின் குரல்.

“பேசிட்டிருக்கேன்ல. வாயை மூடு.”

மகள் நிறுத்தினாள்.

பேரத்தில் ஜெயித்தது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. குனிந்து மைக்கை எடுத்துப் பெட்டியில் வைத்தது நினைவில்லை.

“அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றார்.

“ரெண்டு தடவை வாயைத் திறந்தார். இதுல ஒண்ணு, பலகை முன்னாடி நான் பார்க்க ஒண்ணு. ரெண்டு தடவையும் நீங்கதான் மூட வச்சீங்க. மத்தவங்க முன்னாடி உங்க மானம் போகவேண்டாம்னு மூணாவது தடவை திறக்கலை போல.”

பலகையில் அந்தக் கட்டங்கள் இன்னும் அழியாமல் இருந்தன. பக்கத்தில் நாலாவதாக ஒன்று போட்டு, ‘அப்பா’ என்று எழுதினாள் மகள்.

அவர் கை போனைத் தேடியது.

“போன் வேண்டாம்பா. அதைக் காதுல வச்சா நீங்க யார் சொல்றதையும் கேட்க மாட்டீங்க. முதல்ல அவர் வீட்டுக்கு நேர்ல போங்க. அவரையும் கூட்டிக்கிட்டு அந்த நாலு ஸ்டுடியோவுக்கும் போங்க. உடைச்சவன் எல்லார் முன்னாடியும் ஒத்துக்கணும்னு சொன்னீங்களே, ஒத்துக்குங்க.”