திரைக்கு அந்தப் பக்கம்

செபு நகரத்து மருத்துவமனைக் கட்டிலில் லூர்தெஸ் குப்புறப் படுத்திருந்தாள். அவளுடைய குதிகாலில் லேசர் ஒளி பாய்ந்துகொண்டிருந்தது. திரைக்கு அந்தப் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணுக்கு வாய் ஓயவில்லை.

“உங்களுக்கும் குதிகால்தானா அக்கா? பயப்படாதீங்க, லேசர் சுடாது. நான் மால்ல செருப்பு விக்கிறேன். பொழுதுக்கும் நின்னுக்கிட்டே இருக்கணும்.”

“உக்காரக் கூடாதா?” லூர்தெஸ் குரலை மாற்றிக் கேட்டாள்.

“ஸ்டூல் இருந்துச்சு. எங்க சூப்பர்வைசர் மகராசி தூக்கிட்டா. நாங்க உக்காந்தா கஸ்டமர் மதிக்க மாட்டாங்களாம்!”

“கேக்க வேண்டியதுதானே?”

“கேட்டா கான்ட்ராக்ட் போயிடும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தானேக்கா தெரியும்? அவளுக்கும் ஒருநாள் குதிகால் வலிக்கணும்.”

லேசர் சுடவில்லை. பேச்சு சுட்டது. லூர்தெஸ் முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டாள்.

“நீங்களே சொல்லுங்கக்கா. ஸ்டூல் கேட்டா என் வேலை போயிடுமா?”

தலையணைக்குள்ளிருந்து பதில் வந்தது. “போகாது. தைரியமாக் கேளு.”

அந்தப் பெண் கட்டிலைவிட்டு இறங்கும் சத்தம் கேட்டது.

“அப்போ எங்க ஸ்டூலையெல்லாம் நாளைக்கே திருப்பிக் குடுத்துடுங்க, மேடம்!”