நெற்றிப் புடைப்பு

ரிஷிவந்தியம் கோயிலில் சூடம் அணைத்துச் சொன்னதாகவே வைத்துக்கொள்ளலாம். இதில் ஒரு சொல்லும் பொய் கிடையாது.

வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கிய கண்ணாயிரம், மெக்கானிக் வேடியப்பன் கொட்டகைக்குள் நுழைந்த வேகத்தில், வாசல் பலா மரத்துச் சங்கிலியில் தொங்கிய ஏதோ ஓர் இரும்பில் நெற்றியை இடித்துக்கொண்டார்.

வலி தெரியவில்லை. வயிற்றெரிச்சல் அதைவிடப் பெரிதாக இருந்தது. கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறும்போது மடியில் கட்டிய பச்சை வெற்றிலை, அந்தச் சூட்டில் மலை ஏறி முடிவதற்குள் கருகிவிட்டது.

தங்கை புருஷன் பொன்னுரங்கம் தன் பழைய அம்பாசிடருக்கு இந்தக் கொட்டகையில் ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி மாட்டிவிட்டான். அதுவும் ஓவர்டிரைவ் வைத்தது.

கண்ணாயிரத்திடமும் ஒரு பழைய அம்பாசிடர் உண்டு. தியாகதுருகம் பக்கம் எங்கே மாப்பிள்ளை அழைப்பு என்றாலும் மாப்பிள்ளை அதில்தான் வருவார். மேளக்காரர் நடக்கிற நடைக்கு வண்டி ஊர்ந்து வரவேண்டும். அரைக் கிளட்சில் காலை நிறுத்தி அப்படி ஓட்ட அவர் ஒருவரால்தான் முடியும். அவர் ஓட்டி வராத மாப்பிள்ளைக்குக் கல்யாணம் ஆனதாகவே ஊர் ஒப்புக்கொள்ளாது.

இந்த வண்டியிலோ கிளட்சே இல்லையாம். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் தானாக ஊருமாம்.

வருகிற வெள்ளிக்கிழமை உறவுக்காரி இருசம்மாள் மகன் கவியரசனுக்குக் கல்யாணம். "மச்சானும் மாப்ளயும் பேசிக்கினு ஏதாவது ஒரு வண்டிய அனுப்புங்க" என்று அவள் சொல்லிவிட்டாள். ஏதாவது ஒரு வண்டி! அந்தச் சொல்தான் கண்ணாயிரத்தைப் பஸ் ஏற்றியது.

பொன்னுரங்கத்தின் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். கல்யாண வீட்டு அண்டா அளவுக்குப் பளபளவென்று கியர்பெட்டி. அவர் கண் அதற்கு அந்தப் பக்கமும் போகவில்லை, இந்தப் பக்கமும் போகவில்லை.

பானெட்டைத் திறக்கப் போனார். கறுப்புக் கயிற்றில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் படிகாரமும் கோத்து இறுகக் கட்டியிருந்தது.

"பூச போடாம தொறக்கக் கூடாது மச்சான். கண்ணு பட்டுடும்," என்று பொன்னுரங்கம் குறுக்கே வந்தான்.

"யாரு கண்ணு மாப்ள?"

"ஊர்க் கண்ணுதான். நீங்க இன்னா, ஊர்ல இல்லியா?"

கண்ணாயிரத்துக்குச் சுருக்கென்றது. கண் வைக்கத்தானே மலை ஏறி வந்திருக்கிறார்.

பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். பொன்னுரங்கம் சாவியைத் திருகினான். ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த கியர் கம்பியை இரண்டு விரலால் இழுத்துவிட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்தான்.

வண்டி நகர்ந்தது.

"ஸ்டார்ட் ஆயிடுச்சா?"

"எப்பவோ ஆயிடுச்சு. ஓவர்டிரைவ் மச்சான். எஞ்சின் தூங்கிக்கினே வேல செய்யும்."

மலைப்பாதையில் இறங்கினார்கள். சத்தமில்லை, உதறலில்லை, கியர் மாற்றுகிற கடகடப்பில்லை. வளைவில் எதிரே படுத்துக் கிடந்த ஆட்டு மந்தை, வண்டி வந்தது தெரியாமல் நடுரோட்டிலேயே அசைபோட்டது. ஹாரன் அடித்துத்தான் எழுப்ப வேண்டியிருந்தது. ஒரு கீரிப்பிள்ளை கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்து, இது வண்டிதானா என்று மோந்து பார்த்துவிட்டுப் போனது.

கண்ணாயிரம் தன் இடது காலைப் பார்த்தார். எத்தனையோ மாப்பிள்ளைகளை மணமேடை சேர்த்த கால். மிதிக்க ஒன்றுமில்லாமல் கால்மிதியில் கிடந்தது. நெற்றி அப்போதுதான் விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. தொட்டுப் பார்த்தார். எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருந்தது.

பொன்னுரங்கம் ஒற்றை விரலில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பீடி பற்றவைத்தான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அடிவாரத்தில் தரை சமமானதும் வண்டி தானாகவே வேகம் குறைந்தது. யாரும் பிரேக் மிதிக்காமலே, ஒரு டீக்கடை வாசலில் பூப்போல நின்றது.

"டீக்கட எங்க இருக்குதுன்னுகூட இதுக்குத் தெரியுமா மாப்ள?"

"ஆட்டோமேட்டிக்கு மச்சான்."

கண்ணாயிரம் இறங்கிப் போய், கொஞ்சம் தள்ளி நின்று போன் போட்டார்.

"இருசம்மா, வெள்ளிக்கெழம பொன்னுரங்கம் வண்டியே வரட்டும். என்னுது இனிமே நெல்லு மூட்ட ஏத்தத்தான் லாயக்கு."

திரும்பி வந்து, சூடான டீ டம்ளரைப் புடைப்பின்மேல் ஒற்றிக்கொண்டார். பொன்னுரங்கம் ரொம்ப மரியாதையாக வேறு பக்கம் பார்த்தான்.

மேலே வேடியப்பன் கொட்டகையில், அவர் நெற்றியை இடித்த அந்த இரும்பு பலா மரத்துச் சங்கிலியில் இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பொன்னுரங்கத்தின் வண்டிக்கு எஞ்சின் அதுதான்.